லேபல் அக்கா வைத்த பெயர் நகராது

மலாக்கா மாநிலத்தில் பிடிவாதக்காரர்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் ஒரு சின்னப் பெயரை அதன் இடத்தில் நிற்க வைப்பதற்காக, ஒரு மேனேஜரையே வாசலில் நிற்க வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரை நாங்கள் லேபல் அக்கா என்று கூப்பிட்டோம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைப் பாதிரியார் மட்டும்தான் பயன்படுத்தினார்.

தொண்ணூறுகளில் குருபோங்கில் இருந்த ஒரு தொழிற்சாலை அது. ரேடியோவுக்கும் டெலிவிஷனுக்கும் உள்ளே போகும் பொடிப்பொடிப் பாகங்கள் செய்தார்கள். நான் செர்காம் பக்கத்துப் பெண்களைக் காலையில் ஏற்றிவந்து சாயங்காலம் கொண்டுபோய் விடும் பஸ் டிரைவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கூச்சம் மட்டும் நிற்காமல் வளர்ந்தது. ஒரு பஸ் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்க, நான் பேசியதைவிட என் ஹாரன் அதிகமாகப் பேசியது. காலை ஓட்டத்துக்கும் சாயங்கால ஓட்டத்துக்கும் நடுவில் ஆபீஸில் எனக்கு எடுபிடி வேலை. கோப்பி கலக்குவேன், போட்டோஸ்டாட் எடுப்பேன், மீட்டிங் என்றால் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டுபோய் வைப்பேன். வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொள்வேன். எங்கே போனாலும் கதவோரம் நிற்பது என் வழக்கம். தப்பித்துப் போக வசதி.

லேபல் அக்கா அந்த ஆபீஸின் கிளார்க். தங்கா பத்துவில் வீடு. மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, காதில் எப்போதும் ஒரு பென்சில். ஆபீஸில் அசையாத பொருள் எதுவானாலும் அதன்மேல் பெயர் எழுதி ஒட்டிவிடுவார். அசைகிற பொருளாக இருந்தால் யோசித்து ஒட்டுவார். இதற்கு ஒரு வரலாறு உண்டு. அக்கா வருவதற்கு முன்பு யாரோ ஒரு புண்ணியவான், சீனி என்றும் உப்பு என்றும் டின் மூடிகளில் எழுதி ஒட்டியிருந்தாராம். ஆபீஸில் உப்பு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் மேனேஜர் கொய்யாப்பழத்தை உப்புத் தொட்டுத்தான் சாப்பிடுவார். ஒருநாள் கழுவிக் கவிழ்த்த மூடிகள் இடம் மாறிவிட்டன. மேனேஜர் உப்புக் கோப்பியைக் குடித்துவிட்டு, அன்று முழுவதும் மூன்று பாஷையில் பேசினார். எந்தப் பாஷையிலும் நல்ல வார்த்தை வரவில்லை.

அக்கா வேலைக்குச் சேர்ந்ததும் போட்ட முதல் சட்டம், மூடியில் ஒட்டக் கூடாது, டின்னின் வயிற்றில்தான் ஒட்ட வேண்டும் என்பது. மூடி ஊர் சுற்றும், டின் சுற்றாது. ஆபீஸுக்குப் புதிதாக யார் வந்தாலும் இந்தப் பாடத்தைக் கேட்காமல் நாற்காலியில் உட்கார முடியாது. காவலுக்கு நிற்கும் நேப்பாளிக்கும் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் டின்னே கிடையாது.

கோயிலிலும் அப்படித்தான் என்று கேள்வி. பாட்டு எண்களைத் தொங்கவிடும் பலகை ஒன்று சுவரில் இருக்குமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஓர் எண் சாய்ந்து, கீழ் வரிசைக்குச் சொந்தமான எண் மாதிரி தொங்கியிருக்கிறது. பாதிரியார் பிரசங்கத்தில் நரகத்தை வர்ணித்துக்கொண்டிருக்கும்போது அக்கா எழுந்து, நடுவழியே நேராக நடந்துபோய், எண்ணை நிமிர்த்திவிட்டு, அதே வழியில் திரும்பி வந்து உட்கார்ந்தாராம். பாதிரியார் நரகத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தது.

அதில் ஒரு புரோகிராம் இருந்தது. கட்டங்களில் எண்களை நிரப்பினால் அதுவே படம் வரைந்து தரும். தூண் தூணாக ஒரு படம், கோடு கோடாக ஒரு படம், ரொட்டி சானாயைத் துண்டு போட்டு வைத்ததுபோல ஒரு வட்டப் படம். மற்றவர்களுக்குப் படம் வந்துவிட்டால் வேலை முடிந்தது. அக்காவுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். எந்தத் துண்டு எதனுடையது என்று பெயர் போட வேண்டுமே. பெயரைத் துண்டுக்கு உள்ளே வைக்கவா, வெளியே வைக்கவா, ஓரத்தில் வைக்கவா, அல்லது நானே பார்த்து வைக்கட்டுமா என்று புரோகிராம் மரியாதையாகக் கேட்கும். கடைசி வழியை அக்கா ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை, தனக்கு இருக்கிறது, அதுவும் கண்ணாடியோடு சேர்த்து நாலு இருக்கிறது என்பது அவர் கட்சி.

ஒவ்வொரு பெயரையும் மவுஸால் பிடித்துக் கையாலேயே நகர்த்துவார். அந்த நேரத்தில் நாக்கு நுனி வெளியே வந்து நிற்கும். மூச்சு நின்றுவிடும். மேசை ஆடும் என்று யாரும் பக்கத்தில் நடக்கக் கூடாது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோப்பியைக் கொண்டுபோய் வைப்பேன். அது ஆறி, மேலே ஆடை கட்டி, அப்படியே திரும்பி வரும். மவுஸின் அடியிலுள்ள உருண்டையை நாளுக்கு இரண்டு தடவை பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். பிள்ளைக்குக் காது துடைக்கிற மாதிரி இருக்கும். காலையில் கேட்ட படம் மத்தியானச் சாப்பாட்டுக்கு, எங்கள் பாஷையில் மக்கானுக்கு, பிறகுதான் மேனேஜர் கைக்குப் போகும். அவர் கத்துவார். அக்கா முகத்தைப் பார்த்ததும் கத்தலைப் பாதியில் நிறுத்திக்கொள்வார்.

பெயரிலிருந்து துண்டுவரை மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடவும் அந்தப் புரோகிராமில் வழி இருந்தது. அதைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது.

"பேரு அதது வீட்டு வாசல்ல நின்னா கயிறு எதுக்குத் தம்பி? ஆட்டுக்குட்டியா அது? நான் வச்ச பேரு நகராது."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலைக்கு நான்கு பஸ்கள் ஓடின. பஸ் தாமதமானால் மெஷின் சும்மா நிற்கும். ஒரு மாதத்தில் எந்த பஸ்ஸால் எவ்வளவு நேரம் மெஷின் சும்மா நின்றது என்று மேனேஜருக்கு ஒரு வட்டப் படம் வேண்டியிருந்தது. எண்கள் வேண்டாம், பெயர்கள் போதும், பார்த்ததும் புரிய வேண்டும் என்றார். அக்கா காலையெல்லாம் உட்கார்ந்து நான்கு பெயர்களை நான்கு துண்டுகளின் வாசலில் நிறுத்தினார். பார்க்க லட்சணமாக இருந்தது.

மீட்டிங்குக்கு எல்லோரும் போய் உட்கார்ந்த பிறகு ஒரு சூப்பர்வைசர் ஓடிவந்து, முதல் பஸ்ஸின் கணக்கில் ஒரு சிலாப் இருக்கிறது, தான் கொடுத்த எண் தப்பு என்றார். அக்கா அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எண்ணை மாற்றினார். மேனேஜர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். பிரின்டர் முக்கி முனகிப் பிளாஸ்டிக் தாளைத் துப்பியது. வழக்கமாக அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் விடுவார். அன்று பார்க்கவில்லை. தான் வைத்த பெயர் நகராது என்ற நம்பிக்கை. நான் சூட்டோடு கொண்டுபோய் புரொஜெக்டரில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

சுவரில் வட்டம் பெரிதாக விழுந்தது. பாதி வட்டத்தை ஒரே துண்டு விழுங்கியிருந்தது. அதன் பக்கத்தில், அழகாக, கொஞ்சமும் சாயாமல் நின்ற பெயர், செர்காம்.

மேனேஜர் அதிகம் பேசவில்லை. இந்தப் பஸ்ஸை மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம், அந்தப் பக்கத்து ஆட்கள் சொந்தமாக வழி பார்த்துக்கொள்ளட்டும் என்றார். சூப்பர்வைசர்கள் தலையாட்டினார்கள். படமே சொல்லும்போது மனிதன் என்ன சொல்வது?

எனக்குத் தெரிந்து நான் தாமதமாக வந்ததே இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய துண்டைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. நான் கதவோரமே நின்றேன்.

சாயங்காலம் நான் பஸ்ஸில் ஏறுவதற்குள் செய்தி ஏறி உட்கார்ந்திருந்தது. யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. பார்வதி என்று ஒரு பெண், பேக்கிங் பிரிவில் வேலை, எப்போதும் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து என்னைச் சீண்டிக்கொண்டே வருவாள். அப்பா கடலுக்குப் போகிறவர். கால் முறிந்து வீட்டில் கிடந்தார். இவள் வேலையில்தான் அடுப்பு எரிந்தது. விடியற்காலையில் செர்காமிலிருந்து குருபோங்குக்கு வேறு பஸ் கிடையாது.

"ஏண்ணே, நடுவுல எங்கயாச்சும் நிறுத்திட்டுத் தூங்குறீங்களா? உள்ளதானே உக்காந்திருக்கோம், எங்களுக்குத் தெரியாமலா?" என்றாள். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை அக்கா பிளாஸ்டிக் தாளைத் திருப்பிக் கேட்டார். மேனேஜரின் கைரேகை படிந்திருந்தால் துடைப்பதற்கு. ஜன்னலில் பிடித்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கையை இறக்கவே இல்லை. பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து எண்களைப் பார்த்தார். காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

முதல் துண்டின் எண்ணை மாற்றியதும் அது சுருங்கியிருக்கிறது. அது சுருங்கியதும் மற்ற மூன்றும் சக்கரம் மாதிரி சுற்றி இடம் மாறியிருக்கின்றன. அக்கா கையால் வைத்த நான்கு பெயர்களும் வைத்த இடத்திலேயே விறைப்பாக நின்றிருக்கின்றன.

"பேரு நகரல தம்பி. துண்டு நகர்ந்துடுச்சு," என்றார். எண்களை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "மூடியில ஒட்டாதே மூடியில ஒட்டாதேன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். நானே மூடியில ஒட்டிட்டேன்லா," என்றார்.

அந்தப் பெரிய துண்டு யாருடையது என்பதையும் அவரே சொன்னார். தங்கா பத்து பஸ். அவர் தினமும் ஏறி வரும் பஸ்.

அதைச் சொல்லிவிட்டு எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் பொட்டலச் சாப்பாடு, அதாவது தாப்பாவ், வாங்க வெளியே போயிருந்தார். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துவந்து அறை வாசலுக்குக் குறுக்கே போட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் மீ கோரெங் பொட்டலத்துடன் வந்து தன் அறைக்கு வெளியே நின்றார். நான் கோப்பித் தட்டுடன் அவருக்குப் பின்னால் நின்றேன்.

அக்கா நடந்ததைச் சொன்னார். மேனேஜர் கெட்டவர் இல்லை, களைத்தவர். பஸ் முதலாளிக்குப் போன் செய்தாகிவிட்டது, ஏதோ ஒரு பஸ் நிற்கத்தானே வேண்டும், உன் பஸ் தப்பித்தது என்று சும்மா இருக்கக் கூடாதா, யார் உன்னைக் கேட்டார்கள் என்றார். பொட்டலத்திலிருந்து எண்ணெய் சொட்டியது. அக்கா மலாயில்தான் பதில் சொன்னார். எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது.

"அந்தப் பேர அங்க வச்சது என் கை போஸ். என் கைதான் எடுக்கணும். எந்தச் சுவத்துல தப்பா காட்டுனோமோ அதே சுவத்துல, அதே ஆளுங்களுக்குக் காட்டணும். கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். கடைசியில் அவர் போட்டோஸ்டாட் மெஷின்மேல் பொட்டலத்தைப் பிரித்து, நின்றபடியே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும், நாளைக் காலை மீட்டிங் என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். அக்கா எழுந்து, நாற்காலியை அதன் பழைய இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அதே சுவர், அதே சூப்பர்வைசர்கள். புரொஜெக்டர் பக்கத்தில் அக்கா நின்றார். தாளை என்னிடம் கொடுக்காமல் தானே வைத்து, ஓரத்தை நேராக்கினார். செர்காம் என்று காட்டியது தன் தப்பு, பெரிய துண்டு தங்கா பத்து, தானும் அந்த பஸ்தான் என்றார். ஒரு சூப்பர்வைசர் சிரித்தார். அப்படியானால் உங்கள் பஸ்ஸை நிறுத்திவிடலாமா என்று மேனேஜர் கேட்டார். நிறுத்துவதற்கு முன்னால் ஒரு மாதம் வேண்டும் என்றார் அக்கா. அவர் கேட்ட விதம் எப்படி இருந்தது என்றால், மேனேஜர் ஒருமுறை தன் அறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அன்று சாயங்காலம் தங்கா பத்து பஸ்ஸில் அக்காவுக்கு நடந்த மரியாதையை அதன் டிரைவர் பாக் மான் எனக்குச் சொன்னார். பாக் மான் ஒரு மலாய்க்காரப் பெரியவர். ஊரே அக்காமேல் பாய்ந்ததாம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நம் பஸ் தப்பியிருக்குமே, உன் பஸ்ஸை நீயே காட்டிக் கொடுப்பாயா என்று ஆளாளுக்குக் கேட்டார்களாம். அக்கா கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "முடிஞ்சதா? இப்ப சொல்லுங்க, நாம ஏன் லேட்டு?" என்று கேட்டாராம்.

பதில் பாக் மானின் நல்ல மனசு. ஒவ்வொரு வீட்டு கேட்டின் முன்னாலும் நிறுத்துவார். உள்ளே தோசை வெந்துகொண்டிருந்தால் வேகும்வரை காத்திருப்பார். ஒருத்தி துணி காயப்போட்டு முடிக்கும்வரை நின்றதும் உண்டு. அவசரப்படுத்தினால் பாவம் என்பார். அவர் பாவம் பார்த்ததில் மெஷின்கள் சும்மா நின்றன.

அக்கா களத்தில் இறங்கினார். கேட் கேட்டாக நிற்பது ஒழிந்தது, வழி நெடுக மூன்றே இடம் என்றார். மூன்று விளக்குக் கம்பங்களில், யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று பெயர்களை எழுதி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் போட்டுக் கட்டினார். பக்கத்திலேயே குப்பைத்தொட்டி வசதியாக இருந்தது. அதில் ஒட்டவில்லை. தொட்டி நகரும். விடிவதற்கு முன்பே முதல் கம்பத்தில் அவர் நிற்பார். வராதவர் வீட்டுக் கதவு இடிபடும். பாதித் தோசையோடு ஓடிவந்தவர்கள் உண்டு. தலை வாரிய பாதியும் வாராத பாதியுமாக ஏறியவர்கள் உண்டு. பழக்க தோஷத்தில் பாக் மானின் கால் ஏதாவது ஒரு கேட்டின் முன் பிரேக்கைத் தேடும். நிற்காமல் ஓட்டு என்று பின்னாலிருந்து அக்கா குரல் மலாயில் வரும். "ஜாலான், பாக் மான், ஜாலான்."

முதல் வாரம் பஸ் முழுக்கத் திட்டியது. இரண்டாம் வாரம் திட்ட நேரமில்லை, பஸ் அதற்குள் குருபோங் வந்துவிட்டது. மூன்றாம் வாரம் பாக் மான் எனக்கு முன்னாலேயே வந்து நிறுத்திவிட்டு, பஸ்மேல் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

மாதக் கடைசியில் அக்கா மறுபடியும் வட்டப் படம் போட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோப்பியோடு போனேன். தங்கா பத்துவின் துண்டு, ரொட்டியில் கத்தி பட்ட தடம் அளவுக்கு மெலிந்திருந்தது. பெயரைப் பக்கத்தில் வைத்தால் அடுத்த பஸ்ஸின் வாசலை அடைத்தது. மேலே தள்ளினால் யாருக்கும் சொந்தமில்லாமல் மிதந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு மவுஸை விட்டுவிட்டு, ஆறிப்போன கோப்பியை ஒரே மூச்சில் குடித்தார். நான் பார்க்க அவர் கோப்பி குடித்தது அன்றுதான்.

பெயரை வெளியே நல்ல வெளிச்சமான இடத்தில் வைத்து, அதிலிருந்து துண்டுவரை மெல்லிய கோடு ஒன்றை இழுத்துவிட்டார். காலிக் கோப்பையை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்.

"நகர்ற சாமானுக்குக் கயிறு வேணும் தம்பி. அதுல வெட்கம் என்ன இருக்கு?"

மேனேஜர் படத்தைப் பார்த்தார். ஓக்கே லா என்றார். நான்கு பஸ்களும் ஓடின. பார்வதி வழக்கம்போல எனக்குப் பின்னால் உட்கார்ந்து, அண்ணன் இன்று எங்கே நிறுத்தித் தூங்கப்போகிறார் என்று ஊருக்கே அறிவித்தாள். நான் பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

அந்த வருடக் கடைசியில் தொழிற்சாலை விருந்து. மலாக்கா டவுனில் ஒரு மண்டபம், வட்ட வட்டமாக மேசைகள். டிரைவர்களும் விருந்தாளிகள்தான். ஆனால் நான் வருடா வருடம் சமையல்கட்டுக் கதவோரம் நின்றபடி சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். எந்த மேசையில் யார் என்று பெயர் அட்டை எழுதி வைக்கும் பொறுப்பு அந்த வருடம் லேபல் அக்காவிடம் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு மண்டபத்தில் ஒருவரும் இஷ்டத்துக்கு உட்கார முடியாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மேனேஜர்கூட தன் அட்டை எங்கே என்று தேடிக்கொண்டு நடந்தார்.

நான் வழக்கம்போலக் கதவைத் தேடிப் போனேன். நடு மேசையிலிருந்து பார்வதி கையசைத்துக் கூப்பிட்டாள். "அண்ணே, இங்க வந்து பாருங்க. உங்களக் கட்டிப் போட்டிருக்காங்க."

போய்ப் பார்த்தேன். பாக் மானுக்கும் பார்வதிக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. அதற்கு நேராக மேசைமேல் என் பெயர், கொஞ்சமும் சாயாமல். மற்றவர்களின் அட்டைகள் சும்மா நின்றன. என்னுடையதிலிருந்து மட்டும் ஒரு வெள்ளை நூல் இறங்கி, அந்த நாற்காலியின் முதுகில் இரண்டு முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது. அக்கா அடுத்த மேசையில் யாருடைய அட்டையையோ நிமிர்த்திக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "அது நகர்ற ஆளு," என்று பாக் மானிடம் சொன்னார்.

உட்கார்ந்தேன். விருந்து முடிந்து, மேசைத் துணிகளையெல்லாம் உருவத் தொடங்கிய பிறகும், அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை.